விடுபட்ட ஒரு வரி
(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை எம்மில் ஒருத்தி வாசித்தாலும் எழுதியது மூவருமாகத்தான். உயர்தரம் முடித்து ஒரே ஆண்டில் களனிப் பல்கலைக்கழகத்துக்குப் போய் வெகுசனத் தொடர்பாடல் படித்தோம். ஒருத்தி புதுக்கடை, ஒருத்தி கொட்டாஞ்சேனை, ஒருத்தி வெள்ளவத்தை. பொதுசனத் தொடர்பும் விளம்பரமும் படிக்க விரும்பும் தங்கைமாருக்கு ஏதாவது சொல்லும்படி சங்கம் கேட்டது. நல்லதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம்.

விளம்பரம் படிக்கப் பல்கலைக்கழகம் போக வேண்டுமா என்று மூன்று வீட்டிலும் கேட்டார்கள். புதுக்கடை வீட்டில் கேள்வி இன்னும் கூர்மை. வாசலைத் தாண்டினால் நீதிமன்றங்கள், சட்டக் கல்லூரி, சட்டத்தரணிகளின் அறைகள், தட்டச்சுக்காரர்கள். அந்த ஒழுங்கையில் பிறந்த பெண் சட்டம் படிக்காமல் சவர்க்காரம் விற்கப் படிக்கிறாளே என்று அப்பாவுக்குக் கவலை. கண்டி வீதியில் பஸ் ஏறித் தளுகமவில் இறங்கும்வரை நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

படிப்பு சவர்க்காரம் பற்றியது மட்டுமல்ல. 1906இல் அமெரிக்க நிலக்கரி வேலைநிறுத்தத்தின்போது ஐவி லீ என்பவர், பத்திரிகைகளுக்கு மறைவின்றி உண்மைத் தகவல் தருவோம் என்று ஒரு பிரகடனம் வெளியிட்டதைப் படித்தோம். 1923இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் பொதுசனத் தொடர்பை ஒரு பாடமாகக் கற்பித்த எட்வர்ட் பெர்னேஸ், 1929இல் சிகரெட் கம்பனி ஒன்றுக்காகப் பெண்களை நகர வீதியில் புகைத்தபடி நடக்கவைத்து, அதற்குச் சுதந்திரத்தின் பந்தம் என்று பெயர் சூட்டிய கதையையும் படித்தோம். இரண்டையும் ஒரே வாரத்தில் படித்தால் யாருக்கும் தலை சுற்றும். க்ரூனிக், ஹண்ட் என்ற இருவர் 1984இல் வகுத்த நான்கு மாதிரிகள் பரீட்சையில் வரும், மனப்பாடம் செய்தோம். நாலாவது மாதிரி எங்களுக்குப் பிடித்தது. நிறுவனம் பேசுவதோடு நில்லாமல் கேட்கவும் வேண்டும், கேட்டதற்கேற்பத் தானும் மாற வேண்டும் என்பது அது.

எங்கள் வகுப்பில் விரிவுரைகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தன. இரவில் புதுக்கடை வீட்டு மேசையில் மூவரும் கூடி அவற்றைத் தமிழில் எழுதிக்கொள்வோம். சொல் கிடைக்காதபோது அம்மாமாரைக் கேட்போம். 1950 செப்டெம்பரில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கிய காலந்தொட்டு வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். எஸ்.பி. மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம் போன்றோரின் குரல்களில் நல்ல தமிழ் எப்படி ஒலிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். "இப்பிடி ஆர் பிள்ளை பேசுறது?" என்று ஒரு அம்மா கேட்டால் அந்த வசனம் அத்தோடு சரி. அதைவிட நல்ல பரீட்சகர் எமக்குப் பின்னரும் கிடைக்கவில்லை.

இறுதியாண்டில் ஒரு விளம்பர நிறுவனத்தில் பயிற்சிக்குப் போனோம். 1990களின் பிற்பகுதி அது. தமிழ் தெரிந்தவர்கள் அங்கே நாங்கள் மட்டுமே. சிங்களத்தில் முடிந்த விளம்பரத்தைத் தமிழாக்குவது எமது வேலை. ஒரு நாள் நிதிக் கம்பனி ஒன்றின் துண்டுப்பிரசுரம் வந்தது. இரண்டு வருட நிலையான வைப்பு, மாதா மாதம் கூடிய வட்டி. அடியில் சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை: முதிர்வுக்கு முன் பணத்தை மீளப்பெற்றால் சாதாரண சேமிப்பு வட்டியே கணக்கிடப்படும், கூடுதலாகக் கொடுத்தது முதலிலிருந்து கழிக்கப்படும்.

தமிழில் அந்த வசனம் நீண்டுவிட்டது. பெட்டிக்குள் அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினால் வாசிக்க முடியாது, படத்தைச் சிறிதாக்கினால் கம்பனி ஒத்துக்கொள்ளாது. கடைசி வரியை விடுங்கள் என்றார் வடிவமைப்பாளர். விட்டோம். மூன்று பேரில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. சம்பளம் தரும் இடமல்ல, பயிற்சி இடந்தான். வேலை போய்விடும் என்ற பயங்கூட இல்லை. நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் எங்கள் ஒழுங்கையில் வசித்த அன்ரி ஒருவர் அந்தப் பிரசுரத்தை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். மகளின் கலியாணத்துக்காகப் பதினாலாம் மாதம் பணத்தை எடுக்கப் போயிருக்கிறார். போட்ட தொகையில் ஒரு பங்கைக் கழித்துத்தான் கொடுத்தார்கள். "தமிழிலை வடிவாய் வாசிச்சுத்தான் பிள்ளை போட்டனான். இதிலை அப்பிடி ஒண்டும் இல்லையே?" அதை எழுதியது நாங்கள்தான் என்று அவருக்குத் தெரியாது. அன்று நாங்கள் சொல்லவும் இல்லை.

ஒழுங்கை முனையில் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் இருந்தார். உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், வழக்குப் பத்திரங்கள் அவரிடம் வரும். இரண்டு பிரசுரங்களையும் அவரிடம் கொண்டுபோனோம். கண்ணாடியைப் போட்டு வரிவரியாக ஒப்பிட்டார். பிறகு தன் இறப்பர் முத்திரையைக் காட்டி, "இதைக் குத்தினால் ஒவ்வொரு சொல்லுக்கும் நான் கோட்டிலை பொறுப்பு. நீங்கள் ஆருக்குப் பொறுப்பு?" என்றார். திட்டவில்லை. தேத்தண்ணீர் தந்து அனுப்பினார்.

நுகர்வோரை ஏமாற்றும் விளம்பரங்களைத் தடைசெய்யும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்போது வந்திருக்கவில்லை. வந்திருந்தாலும் அன்ரி வழக்குக்குப் போயிருப்பாரா என்பது சந்தேகம். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் வாழ்பவர்கள்தான் அதற்கு அதிகம் அஞ்சுபவர்கள். நாங்கள் மூவரும் பின்பு வேலைக்குப் போய், முதற் சம்பளங்களில் சேர்த்த ஒரு தொகையோடு அவரிடம் போய் உண்மையைச் சொன்னோம். பணத்தை வாங்க மறுத்தார். "அப்ப ஏன் பிள்ளை அந்த ஒரு வரியை விட்டனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். பெட்டிக்குள் இடம் போதவில்லை என்று எப்படிச் சொல்வது?

இந்த இடத்தின் பெயரையே பாருங்கள். ஆங்கிலத்தில் அது 1656இல் கொழும்பு முற்றுகையில் இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ப்டின் பெயர். சிங்களத்தில் அளுத்கடே, தமிழில் புதுக்கடை. சிங்களமும் தமிழும் இங்கே ஒன்றையே சொல்கின்றன. பெயர்ப்பலகைகளிலும் சுற்றறிக்கைகளிலும் அந்த ஒற்றுமையை எல்லா நாளும் காண்பதில்லை. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் பலகை எழுதுபவருக்கு அருகில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும் என்று எந்தத் திருத்தமும் சொல்லவில்லை. ஆகவே தங்கைமாரே, இந்தத் துறைக்கு வாருங்கள். மொழிபெயர்க்க மட்டும் வராதீர்கள். விளம்பரத்தைத் திட்டமிடும் மேசையிலேயே இருங்கள். படத்தின் அளவைத் தீர்மானிக்கும்போதே தமிழ் வசனத்தின் நீளமும் அங்கே இருக்க வேண்டும்.

நூற்றாண்டு மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. விளம்பரங்கள் சேர்க்கும் பொறுப்பு எங்கள் மூவருக்கும். பின்னட்டையின் உட்புறத்துக்கு ஒரு நிறுவனம் முழுப்பக்க விளம்பரம் தந்தது. நிபந்தனைகள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தன. தமிழிலும் அதே அளவு எழுத்தில் போடும்படி கேட்டோம். மூன்று தடவை பேசியும் சரிவரவில்லை, விளம்பரத்தை மீளப் பெற்றுக்கொண்டார்கள். பொருளாளர் அக்கா இதோ முன்வரிசையில் இருக்கிறார்; எங்களை இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்தப் பக்கத்தில் பழைய வலைப்பந்துக் குழுவின் படமொன்றைப் போடுகிறோம். படத்தில் இடப்பக்கம் மூன்றாவதாக நிற்பவரின் பெயர் எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த அக்காமார் தேநீர் இடைவேளையில் வந்து சொல்லுங்கள்.