ஒற்றைக் கொம்பின் விலை

யூனிகார்ன் என்றால் நம் பிள்ளைகள் வானவில் நிறப் பொம்மையைக் காட்டுவார்கள். பழைய கதை அத்தனை இனிப்பானதல்ல. இந்தியாவில் ஒற்றைக் கொம்புக் காட்டுக் கழுதை உண்டு, அக்கொம்பில் குடிப்பவரை நஞ்சு தீண்டாது என்று கிரேக்க மருத்துவர் கிடீசியஸ் எழுதி வைத்தார். ஐரோப்பிய ஓவியர்கள் அதை வெள்ளைக் குதிரையாக்கினர். மன்னர்களோ கொம்புக்குப் பொன்னைக் கொட்டினர். வாங்கியதென்னவோ நார்வால் திமிங்கிலத்தின் பல்! 1638-இல் டென்மார்க்கின் ஓலெ வோர்ம் குட்டை உடைத்தார்.

சுமத்ராவில் மார்க்கோ போலோ கண்ட யூனிகார்ன், சேற்றில் புரளும் காண்டாமிருகம்தான். அழகில்லையே என்று அலுத்துக்கொண்டார், பாவம். கொம்பு மருந்தென்ற நம்பிக்கை மட்டும் சாகவில்லை. வேட்டையும் காட்டழிப்பும் அவ்விலங்கை ஒடுக்கின. மலேசியாவின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகமான இமான், 2019 நவம்பரில் சபாவில் புற்றுநோயால் இறந்தது.