பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குமுன்

வேலையின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு டில்லிக்கும் மும்பைக்கும் ஹைதராபாத்துக்கும் வந்து குடியேறிய நம்மவரிடையே, சொந்தக் கார் என்பது இன்று அரிய பொருள் அன்று. அலுவலகத்துக்கும் கடைவீதிக்கும் போய்வர ஒரு வண்டி இருந்தால் போதும் என்பவரே பலர். எனினும், வண்டி ஓட்டுவதிலேயே இன்பம் காண்பவர்களும் நம்மிடையே உண்டு. காலால் மெல்ல அழுத்திய மாத்திரத்தில் முன்னே பாய்வதும், வளைவுகளில் நிலைகுலையாது திரும்புவதுமான ஒரு காரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களது நெடுநாளைய ஆசை. புதியதை வாங்க வருவாய் இடங்கொடாமையால், பிறர் ஓட்டிய வண்டியை நாடுகின்றனர். ஆசை குற்றமன்று. ஆனால் சாதாரணப் பழைய காரை வாங்குவது வேறு. பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவது வேறு. இதை அறியாது இறங்கினால், இழப்பது சேமிப்பு மட்டுமன்று. சில வேளைகளில் உயிருமாகலாம்.

தாழ்ந்த உடலும் இரண்டே இருக்கைகளும் கொண்ட மேனாட்டு வண்டிகளைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. நம் நாட்டில் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கெட்டும் ஸ்போர்ட்ஸ் கார் என்பது, பெரும்பாலும் சிறிய உடலில் வலிய இஞ்சின் பொருத்திய வண்டியேயாகும். மூன்று எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

2013இல் வெளிவந்தது வோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. இதன் இஞ்சின் 1.2 லிட்டர் அளவே. ஆயினும் 105 குதிரைத்திறன் கொண்டது. புனாவை அடுத்த சாகனில் உருவான போலோவின் உற்பத்தி 2022இல் முடிவுற்றது. 2015இல் வந்த ஃபியட் அபார்த் புன்டோ இன்னும் வலியது, 1.4 லிட்டர் இஞ்சினில் 145 குதிரைத்திறன். மூன்றாவது, 2018இல் வந்த டாட்டா டியாகோ ஜே.டி.பி. இதைத் தயாரிப்பதில் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜெயம் நிறுவனம் டாட்டாவுடன் கூட்டுச் சேர்ந்தது. சாதாரண டியாகோவில் சுமார் 84 குதிரைத்திறன் இருக்க, இதில் சுமார் 112 உண்டு. 2020இல் இதுவும் நின்றது.

மூன்றுமே இன்று பழையதாகத்தான் கிடைக்கும். இவற்றுள் எதைத் தேர்வது? குதிரைத்திறனை மட்டும் கருதினால் அபார்த்தே முந்தும். ஆனால் ஃபியட் தன் பெயரில் கார் விற்பதை இந்நாட்டில் நிறுத்திவிட்டது. உறுப்பொன்று பழுதுற்றால், அது வந்து சேரும்வரை வண்டி கொட்டகையில் உறங்க நேரிடலாம். டியாகோவின் உடற்பகுதிகள் பல சாதாரண டியாகோவுக்கும் பொதுவானவை. ஆதலால் கதவோ கண்ணாடியோ உடைந்தால் கலங்கவேண்டுவதில்லை. ஆகவே முதல் விதி இது: வண்டியைத் தேடுமுன், நாம் வசிக்கும் ஊரில் அதைச் செம்மையாகப் பழுதுபார்க்கும் மெக்கானிக் இருக்கிறாரா, உறுப்புகள் கிடைக்கின்றனவா என்று விசாரித்தறிய வேண்டும்.

அடுத்தது சோதனை. மேற்கூறிய மூன்று வண்டிகளிலும் டர்போ உண்டு. வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, இஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் சக்கரமே டர்போ. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் இது சுழலும். இதைக் காப்பது தூய எண்ணெய் ஒன்றே. உரிய காலத்தில் எண்ணெய் மாற்றாதவர் ஓட்டிய டர்போ வண்டி, வெளியே பளபளத்தாலும் உள்ளே தேய்ந்ததே. ஆகையால் சர்வீஸ் ரசீதுகளை ஒன்றுவிடாமல் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ரசீது இல்லாத வண்டி, எவ்வளவு மலிவாயினும், விலை மிகுந்ததே.

இஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் சென்று, நம் கண்ணெதிரே அதைக் கிளப்பச் சொல்ல வேண்டும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. சூடேறிய பின்னும் வெண்புகை ஓயாவிடில், குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது எனலாம். கரும்புகை, எரிபொருள் அளவுக்கு மீறிச் செல்வதன் அறிகுறி. போலோவில் 2013 முதல் வந்தது இரட்டைக் கிளட்ச் கொண்ட ஏழு கியர்த் தானியங்கி. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது அதில் நடுக்கமோ தயக்கமோ தென்பட்டால் ஒதுங்கிவிடுவதே நன்று. அதைச் சீர்செய்யும் செலவு பெரிது.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பள்ளம் தேயாதிருப்பினும் முதிர்ந்த ரப்பர் இறுகிவிடும். மழைநாளில் சாலையைப் பற்றாது. வேகமாகச் செல்லும் வண்டியில் இது விளையாட்டன்று. பிரேக்கை அழுத்துகையில் வண்டி ஒருபுறமாக இழுக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். இருக்கை வாரை இறுதிவரை இழுத்துப் பாருங்கள். அதில் சேறு படிந்திருந்தாலும், இருக்கையின் அடித்தண்டுகள் துருவேறியிருந்தாலும், அவ்வண்டி வெள்ளத்தில் நின்றது என்று ஐயுறலாம்.

இன்னொன்றும் உண்டு. திறனைக் கூட்டுவதற்காக இஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டை மாற்றியமைத்த வண்டிகள் சந்தைக்கு வருகின்றன. விற்பவர் அதைச் சிறப்பாகவே எடுத்துரைப்பார். கிளட்ச்சும் பிரேக்கும் பழைய அளவிலேயே இருக்க, இஞ்சினை மட்டும் முறுக்கிவிட்டால் சுமை அவற்றின் தலையில் விழும். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பெறுவதிலும் வழக்கு எழக்கூடும். அத்தகைய வண்டியை நாடாதிருப்பதே நலம்.

இனி, ஊர்விட்டு ஊர் மாறும் நம்மைப் போன்றவர்க்கு மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். அதுதான் பத்திரங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பிறிதொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும். அதற்குப் பழைய பதிவு அலுவலகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று தேவை. புதிய மாநிலத்தில் சாலைவரி மீண்டும் கட்டவேண்டும். பழைய மாநிலத்தில் கட்டியதில் எஞ்சியதைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். இந்தச் செலவைக் கணக்கிடாது, 'டில்லியில் மலிவு' என்று வாங்கி ஊருக்குக் கொண்டுசெல்பவர், மலிவு எங்கே போயிற்று என்று பின்னர் தேடுவர்.

டில்லியில் மலிவுக்குக் காரணமும் உண்டு. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் அங்கே ஓட்டலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. 2025இல் இது பற்றி மேலும் ஆணைகள் பிறந்தன. ஆகவே வாங்கும் நாளில் உள்ள நிலையைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனங்களின் ஊழியர்களுக்கும், 2021இல் பாரத் வரிசைப் பதிவு என்னும் வசதி ஏற்பட்டது. அதன்படி பதிவான வண்டியை மாநிலந்தோறும் மறுபதிவு செய்யவேண்டுவதில்லை. தொடக்கத்தில் புதிய வண்டிகளுக்கே இருந்த இவ்வசதி, பின்னர் பழைய வண்டிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. நம்மில் தகுதியுடையோர் இதை விசாரித்துப் பயன்பெறலாம்.

வண்டியின் மீது வங்கிக் கடன் எஞ்சியுள்ளதா, கட்டாத அபராதங்கள் உள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும். வாங்கிய 30 நாட்களுக்குள் உரிமை மாற்றத்துக்கும், 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸ் மாற்றத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டு வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனவர், ஒரு கையெழுத்துக்காக ரயிலேறி வரவேண்டியிருக்கும்.

கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடுதலும் தகாது. ஐந்தில் ஒரு பங்கையேனும் ஒதுக்கி வைக்க வேண்டும். டயர், பிரேக், எண்ணெய், பாட்டரி ஆகியவை முதல் ஆண்டிலேயே அதைக் கேட்கும். ஐந்து லட்சம் உடையவர் நான்கு லட்சத்து வண்டியை வாங்குவாராயின், நிம்மதியாக ஓட்டுவார்.

இறுதியாக ஒன்று. பாய்ந்து செல்வதற்குச் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூரிலும், டில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவிலும் பந்தயத் தளங்கள் உள்ளன. மக்கள் நடமாடும் சாலை அதற்கான இடமன்று. நல்ல ஸ்போர்ட்ஸ் காரின் பெருமை அது எவ்வளவு விரைவாக ஓடும் என்பதில் மட்டுமில்லை. வேண்டிய இடத்தில் வேண்டிய கணத்தில் நிற்பதிலும் இருக்கிறது. அப்படி நிற்கும் என்று நாமே சோதித்தறிந்த வண்டியில்தான் மனைவி மக்களை ஏற்றிக்கொள்ளலாம்.