அப்பா வைத்த காகிதப்பூ
(வானொலியில் ஒலித்த தவக்காலச் சிந்தனை)



திருநீற்றுப் புதன் கழிந்து தவக்காலத்துக்குள் வந்துவிட்டோம். இன்று உங்களோடு ஈஸ்டர் வாழ்த்து அட்டையைப் பற்றிப் பேசப்போகிறோம். கடையில் வாங்கும் அட்டை அல்ல. வாசலில் பூத்த பூவைப் பறித்து, காயவைத்து, தாளில் ஒட்டி, கைப்பட எழுதி அனுப்பும் அட்டை. "ஈஸ்டருக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கிறதே, இப்போதே எதற்கு?" என்று கேட்பீர்கள். நாள் பிடிக்கிற வேலை, அதனால்தான் இப்போதே சொல்கிறோம்.

எங்கள் பங்கில் முன்பெல்லாம் அச்சடித்த அட்டைதான். வெறுமையான கல்லறை, பக்கத்தில் வெள்ளை லில்லி, கீழே எல்லோருக்கும் ஒரே வாசகம். பங்குத்தந்தையின் கையெழுத்துகூட அச்சில் வந்ததுதான். அன்பியப் பொறுப்பாளர்கள் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்த லில்லியை எங்கள் ஊரில் ஒருவரும் நேரில் பார்த்ததில்லை. அச்சிட்ட வாழ்த்து அட்டை பிறந்த கதையும் இப்படித்தான். 1843-ஆம் ஆண்டு லண்டனில் ஹென்றி கோல் என்பவர், தமக்கு வந்து குவிந்த கடிதங்களுக்குக் கைப்படப் பதில் எழுத நேரமில்லாமல், ஓவியர் ஒருவரை வரையச் சொல்லி கிறிஸ்துமஸ் அட்டை அச்சிட்டார். நேரமில்லை என்பதற்காக வந்த பொருள் அது. குறை சொல்லவில்லை, நமக்கும் நேரமில்லைதானே.

மறைக்கல்வி வகுப்பு நடத்தும் அருட்சகோதரிதான் பூ அட்டையை ஆரம்பித்து வைத்தார். இது புதுமையும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குப் போன திருப்பயணிகள், அந்த மண்ணின் காட்டுப்பூக்களை அழுத்திக் காயவைத்து ஒட்டிய அட்டைகளை வாங்கி வந்திருக்கிறார்கள். ஒலிவ மரத்தில் மேலட்டை போட்ட சிறு ஏடுகளாகவும் அவை விற்றன. கலிலேயாவில் குளிர்கால மழை பெய்து ஓய்ந்ததும் சரிவுகளில் சிவப்புச் சிவப்பாய்க் காட்டுப்பூக்கள் பூக்கும். கோடை வெயில் ஏறியதும் எல்லாம் சருகாகிவிடும். மலைப்பொழிவில் ஆண்டவர் வயல்வெளி மலர்களைக் காட்டிப் பேசியபோது, நாளை அடுப்புக்குப் போகிற பூக்களைத்தான் காட்டினார்.

முதல் ஆண்டு எங்களுக்கு எல்லாம் தவறிப்போயிற்று. பிள்ளைகள் செம்பருத்தியைக் கொண்டு வந்தார்கள். சாறு கசிந்து, கறுத்து, செய்தித்தாளோடு ஒட்டிக்கொண்டது. ரோஜாவை முழுசாக வைத்தார்கள். நடுவில் பூஞ்சை பிடித்து நாற்றம் வந்தது. சரக்கொன்றை வேண்டும் என்று அடம்பிடித்தார்கள், அதுவோ ஈஸ்டர் கழிந்த பிறகுதான் நன்றாகப் பூக்கும். அடுத்த ஆண்டு பாடம் கற்றுக்கொண்டோம். வேப்பம்பூ, தும்பை, நித்தியகல்யாணி, எல்லாவற்றுக்கும் மேலாகக் காகிதப்பூ. பெயருக்கேற்ற மாதிரி அதில் ஈரமே குறைவு. காய்ந்தாலும் நிறம் அவ்வளவு சீக்கிரம் போகாது. வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகு பறிக்க வேண்டும். செய்தித்தாள் மடிப்பில் ஒன்றோடொன்று படாமல் பரப்பி, மேலே பாரம் ஏற்ற வேண்டும். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் தாளை மாற்ற வேண்டும். மூன்று வாரமாவது திறந்து திறந்து நோண்டாமல் விட வேண்டும், பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம். ஒட்டுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பேனா பூவில் இடறும். பசையைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து, ஈர்க்குச்சி நுனியால் தொட்டு வைத்தால் போதும்.

பாரத்துக்கு எங்களிடம் கிடைத்தது பழைய இலத்தீன் பூசைப் புத்தகம். வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அலமாரியை விட்டு இறங்காமல் கிடந்தது. உபதேசியாருக்கு அதில் வருத்தம். இரண்டு நாள் எங்களிடம் சரியாகப் பேசவில்லை.

அருட்சகோதரி ஒரு விதி வைத்திருந்தார். பூவை வைக்கும்போதே, அந்தத் தாளின் ஓரத்தில், அட்டை யாருக்குப் போகப் போகிறதோ அவர் பெயரை எழுதிவிட வேண்டும். தாள் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பெயரை மறுபடி எழுத வேண்டும். பிள்ளைகள் பாட்டி, டீச்சர், படுக்கையில் கிடக்கும் பக்கத்து வீட்டுத் தாத்தா என்று எழுதினார்கள்.

ஓர் அம்மாவும் பூ கொண்டு வந்தார். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டாம். காகிதப்பூவைப் பரப்பி வைத்துவிட்டு, தாள் ஓரத்தில் ஒன்றும் எழுதாமல் நின்றார். "யாருக்கும்மா?" என்று சகோதரி கேட்டதற்கு, "அப்புறம் எழுதுறேன் சிஸ்டர்" என்றார். இரண்டாம் தடவை தாள் மாற்ற வந்தபோது சின்ன எழுத்தில் 'அண்ணன்' என்று எழுதினார். பாகப்பிரிவினையில் அப்பா கட்டிய வீடு தங்கை பங்குக்கு வந்தது. அன்றிலிருந்து அண்ணன் அந்த வாசலை மிதிக்கவில்லை. பதினொரு வருடம். அடுத்த பங்கில்தான் இருக்கிறார், பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணி நேரம்.

காணிக்கையைப் பீடத்தின் முன் விட்டுவிட்டு முதலில் சகோதரரோடு உறவாடிவிட்டு வரச் சொல்லும் ஆண்டவரின் போதனையை நாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அதைச் சொன்ன இடம் கலிலேயா. பீடம் இருந்ததோ எருசலேமில். நடந்தால் மூன்று நாளாவது ஆகும். காணிக்கையை அங்கே விட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பி நடந்து, பேசிவிட்டு, மறுபடி மலை ஏறிப் போக வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தத் தொலைவு தெரியும். பூசையில் திரும்பி நின்று 'சமாதானம்' என்று கைகூப்பிவிட்டு உட்கார்ந்துகொள்கிற நமக்குத்தான் அது ஒரு நிமிட வேலையாகத் தெரிகிறது.

அந்த அம்மா மூன்று வாரம் தாள் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயரை எழுதினார். சீக்கிரம் முடிந்திருந்தால் அனுப்பியிருக்கவே மாட்டேன் என்று பிறகு எங்களிடம் சொன்னார். பூ காய்ந்துவிட்டது, வாசகம் வரவில்லை. நாலு அட்டை வீணாயிற்று. ஒன்றில் வீட்டு நியாயத்தை எல்லாம் எழுதியிருந்தார், ஒன்றில் மன்னிப்பு என்ற சொல்லைப் போட்டு அடித்திருந்தார். கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: "அண்ணனுக்கு, ஈஸ்டர் வாழ்த்து. அப்பா வைத்த காகிதப்பூ இந்த வருடமும் பூத்திருக்கிறது." குருத்து ஞாயிறு முடிந்த திங்களன்று தபாலில் சேர்த்தார்.

ஈஸ்டர் வந்தது. பதில் வரவில்லை. அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை, எங்களுக்குத்தான் உறுத்தல். ஆறிக்கிடந்த புண்ணைக் கிளறிவிட்டோமோ என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

வைகாசியில் அந்த ஊரில் ஒரு துக்க வீட்டுக்குப் போக நேர்ந்தது. அடுத்த தெருவில்தான் அண்ணன் வீடு என்று தெரிந்ததும், கூச்சத்தோடு உள்ளே போனோம். எந்தப் பங்கு என்று கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காப்பி போடச் சொன்னார். நிமிர்ந்து பார்த்தால் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம். அதன் சட்டத்தில், கண்ணாடி ஓரமாக, அந்த அட்டை. நாங்கள் பார்ப்பதை அவரும் பார்த்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

ஊர் திரும்பியதும் அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னோம். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "பூ நிறம் மங்கிருச்சா, ஃபாதர்?"

மங்கியிருந்தது. ஜன்னல் வெயில் நேராகப் படுகிற சுவர். அப்படியே சொன்னோம்.

இந்த ஆண்டு திருநீற்றுப் புதனன்று, நெற்றியில் சாம்பல் காயுமுன்பே, மடியில் காகிதப்பூவோடு சக்ரீஸ்து வாசலில் வந்து நின்றார். உபதேசியார் தாமாகவே போய் அந்தப் பழைய பூசைப் புத்தகத்தை எடுத்து வந்தார்.