நம் பிள்ளைகள் திறக்காத புத்தகம்

(ஸ்ரீவராகம் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தும், சாரத்தில் ஏறிக் கல் அடுக்கியும் நாம் வளர்த்த பிள்ளைகள் சாக்கை அரசு ஐ.டி.ஐ. போன்ற நிலையங்களில் தொழில் படிக்கிறார்கள். எலக்ட்ரீசியனுக்கும் ஃபிட்டருக்கும் இரண்டு ஆண்டு, வெல்டருக்கு ஓராண்டு. முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு. தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ்.

கைவேலையில் நம் பிள்ளைகள் சளைத்தவர்கள் அல்லர். அப்பன் பக்கத்தில் நின்றே ரசமட்டம் பார்க்கப் பழகியவர்கள். இடறுவது வேறிடத்தில். 2012-இல் சமூகவியலை எடுத்துவிட்டு 'வேலைவாய்ப்புத் திறன்' என்றொரு பாடம் வைத்தார்கள். ஆங்கிலம், கம்ப்யூட்டர், பேச்சுப் பழக்கம், தொழிற்பாதுகாப்பு, தொழிலாளர் நலச் சட்டங்கள் எல்லாம் அதில் வந்தன. "ஸ்பானர் பிடிக்கிறவனுக்கு இது எதற்கு?" என்கிறார்கள் பிள்ளைகள். நாமும் தலையாட்டுகிறோம்.

வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், வேலைத்தளத்தில் இந்தி, வரைபடத்தில் ஆங்கிலம். இத்தனையும் சமாளிக்கிற பிள்ளை, சூப்பர்வைசரிடம் "புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்கக் கூசுகிறான். புரியாமல் ஒயரைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை இங்கே இருக்கும் ஒயரிங் தோழர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

சட்டப் பகுதிக்கு வருவோம். படிப்பு முடிந்து அப்ரண்டிஸாகப் போகிறவனுக்கு உரியது 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம். அதன் கண்ணில் அவன் பயிற்சியாளன், தொழிலாளி அல்லன். ஆகவே மற்றத் தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவனுக்குப் பொருந்தா. ஆனால் அதே சட்டம், அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதியின்றி ஓவர்டைம் வாங்கக்கூடாது என்கிறது. பயிற்சி வேலையில் விபத்து நேர்ந்து அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்கிறது. இதை அறியாத பிள்ளை இரவு பத்து மணிவரை உழைத்துவிட்டு வந்து, "தொழில் பழகுகிறேன் அம்மா" என்று பெருமையாகச் சொல்வான். நாமும் பூரித்துப் போவோம்!

முதலாளிகளின் வசதிக்காக வைத்த பாடம் இது என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. 'நேரத்துக்கு வா, எதிர்த்துப் பேசாதே' என்பதையே திறன் என்று ஆக்கப் பார்ப்பார்கள். இருக்கட்டும். அதற்காகப் புத்தகத்தை மூலையில் போட்டால் மார்க்கும் போகும், சட்டமும் போகும்.

ஆகவே ஞாயிறு மாலைகளில் இங்கே கூடுவோம். பிள்ளைகள் அந்தப் பாடத்தை உரக்கப் படித்து நமக்கு விளக்கட்டும். விளங்காததை நாம் கேட்போம். பதில் சொல்லிப் பழகினால் கூச்சமும் தெளியும். படிக்கும் பெண்பிள்ளைகளும் வரவேண்டும். அந்த நேரத்தில் அவர்களைத் தண்ணீர் பிடிக்க அனுப்பிவிடாதீர்கள், தாய்மார்களே.