மணிநாவைக் கட்டிய தேர்

பயணத்தைப் பாடும்போது புறப்பாட்டை விரித்து, திரும்பும் வழியைச் சுருக்கிவிடுவதே பொதுவான வழக்கம். சங்கப் புலவர்கள் அப்படிச் செய்யவில்லை. வினை முடித்து வீடு திரும்பும் தலைவனின் வழியை முல்லைப் பாட்டுகளில் அவர்கள் நின்று பார்த்தார்கள். ஐங்குறுநூற்றிலே பேயனார், தேரை விரைந்து செலுத்தும்படி பாகனைத் தலைவன் ஏவுவதற்கென்றே பத்துப் பாடல்கள் வைத்தார். ‘தேர் வியங்கொண்ட பத்து’ என்பது அதன் பெயர்.

சென்ற விடுமுறையிலே குடும்பத்தோடு கண்டி, நுவரெலியா, எல்ல என்று ஆறு நாட்கள் வானிலே சுற்றினோம். சாரதி நானே. ஐந்தாம் நாள் மலையிறங்கி மாத்தளை, தம்புள்ளை வழியாக வவுனியா வந்து தங்கினோம். பிள்ளைகளின் முகம் வாடத் தொடங்கியது. “நாளைக்கு வீடோ அப்பா?” என்று மகள் கேட்டாள். எழுபத்தெட்டு வயதான ஐயாவோ விடியுமுன்பே குளித்து, பையைக் கட்டி, வானடியில் நின்றார். ஒரே வழிதான், பிள்ளைகளுக்கு அது பிரிவு, அவருக்கு மீட்சி என்று எண்ணிக்கொண்டேன்.

முறிகண்டியில் எல்லோரையும் போல இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். ஐயா கச்சான் இரண்டு சரை வாங்கினார். ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்; மற்றதை மடியிலே வைத்துக்கொண்டார். வானிலே பாட்டு உரக்க ஒலித்தது. இரணைமடுச் சந்தியை நெருங்கியதும், “தம்பி, ஒருக்கால் நிப்பாட்டு” என்றார்.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட சனத்தோடு நாங்களும் நால்வராய்ப் புறப்பட்டு, கிளாலி கடந்து வந்து, அந்தப் பக்கத்தில்தான் தறப்பாள் கொட்டில் போட்டிருந்தோம். 1996 இன் தொடக்கத்தில் அம்மா காய்ச்சலில் அங்கேயே காலமானார். 2002 இல் பாதை திறந்த பின்னர் மூவராய் பஸ்ஸிலே ஊர் திரும்பினோம். அன்று அவ்விடத்தைக் கடக்கையில் ஐயா யன்னலுக்கு வெளியே பார்க்கவேயில்லை. பிறகும் எத்தனையோ தரம் அவ்வழியால் போய்வந்தோம். ஒருநாளும் அவர் நிறுத்தச் சொன்னதில்லை.

இப்போது அங்கே ஒரு கல்வீடு. ஐயா இறங்கவில்லை. “கிணறு அந்தப் பக்கம் இருந்தது” என்றார். சற்றுக் கழித்து, “கொம்மாவுக்குக் கச்சான் எண்டால் உயிர்” என்றார். அதுவரை எனக்கு அது தெரியாது. கேட்காமல் விட்டது என் குற்றம்.

அப்போதுதான் கவனித்தேன்: வானுக்குள் பாட்டு நின்றிருந்தது. யாரும் சொல்லாமலே மகள் கைநீட்டி அதை நிறுத்தியிருந்தாள்.

அகநானூற்றின் நான்காம் பாட்டிலே, குறுங்குடி மருதனார் காட்டும் தலைவனும் வீடு திரும்புகிறவன்தான். விரைவு அவனுக்கும் உண்டு. ஆயினும் பூவிலே தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடுமே என்று அஞ்சி, தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். உயிரிரக்கம் என்று பதினெட்டு வருடங்களாக வகுப்பிலே விளக்கம் சொல்லி வருகிறேன். வானிலே அந்த நிசப்தத்தில் இருந்தபோதுதான் அப்பாட்டு எனக்கு விளங்கியது. நம்முடைய அவசரம் இன்னொருவரின் நெஞ்சைக் கலைத்துவிடக் கூடாது என்று அறிகிறவரே திரும்பும் வழியை அறிந்தவர்.

ஆனையிறவு தாண்டிப் பளைத் தென்னைகள் தெரிந்தபோது ஐயா அந்தச் சரையைப் பிரித்து, பேத்தியின் கையிலே கொடுத்தார். வீடு சேரும்வரை அவள் பாட்டைப் போடவில்லை. பயணம் முடிகிறதே என்று கவலைப்படவுமில்லை. அப்பம்மா எப்படியிருப்பா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஐயா சொல்லிக்கொண்டே வந்தார்.