'பிசினஸ் கேஷுவல்'னா என்ன சேலை?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னைக்குச் சேமிப்பு, கடன் பற்றிப் பேசப் போறதில்ல. உடுப்பு பற்றிப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. ஒரே ஒரு வார்த்தையைப் பார்த்துப் பயந்து, நம்ம குழு ஒன்று கைக்கு வந்த வியாபாரத்தையே விட இருந்தது.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அப்பளம் போடும் குழு அது. கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம் நடத்திய கொள்முதல் சந்திப்புக்கு அவங்களுக்கு அழைப்பு வந்தது. கடிதத்தின் அடியில் 'உடை: பிசினஸ் கேஷுவல்' என்று போட்டிருந்தது. பிரதிநிதி பக்கத்து வீட்டுக் காலேஜ் பையனைக் கேட்டிருக்காங்க. அவன், "கோட்டு சூட்டு மாதிரித்தான் அத்தை" என்று சொல்லிட்டான். உடனே எனக்குப் போன். "அதெல்லாம் நமக்கு ஒத்து வராதுக்கா. வேற குழுவை அனுப்புங்க." இன்னொரு உறுப்பினர், "சங்கத்துல 3,000 ரூபாய் எடுத்து ஆளுக்கொரு பட்டு வாங்கிக்கிடலாமா?" என்று கேட்டாங்க. அது உளுந்து வாங்க வைத்திருந்த பணம்!

அந்த வார்த்தைக்கு அர்த்தம் ரொம்பச் சின்னது. கோட்டு, டை வேண்டாம். அதுக்காக வீட்டில் இருக்கிற மாதிரியும் வர வேண்டாம். அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற, வேலைக்குப் போகும் உடுப்பு. நம்ம ஊர் டீச்சர் கட்டிக்கிட்டுப் போறாங்களே கஞ்சி போட்ட பருத்திச் சேலை, அதுதான் பிசினஸ் கேஷுவல். சுடிதார் என்றால் துப்பட்டாவோடு போடலாம். நைட்டிக்கு மேல துண்டைப் போட்டுக்கிட்டு ரேஷன் கடை வரைக்கும் போகலாம், இதுக்குப் போக முடியாது.

2019-இல் சென்னைத் தலைமைச் செயலக ஊழியர்களுக்கே அரசு ஓர் உத்தரவு போட்டது. பெண்கள் சேலை, இல்லையென்றால் துப்பட்டாவோடு சல்வார் கமீஸ் அல்லது சுடிதார் அணியலாம். நிறம் கண்ணை உறுத்தக் கூடாது. ஆண்களுக்கு வேட்டியும் உண்டு. தலைமைச் செயலகத்துக்கே சேலை போதும் என்றால், அப்பளம் விற்கப் போகும் நமக்குப் போதாதா?

பட்டு வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கு. பல வருஷத்துக்கு முன்னால் குழுக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். மரியாதையாக இருக்கட்டும் என்று கல்யாணப் பட்டு, கழுத்து நிறைய நகை. மேலாளர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவ்வளவு இருக்கே, கடன் எதுக்கும்மா?" என்றார். அதில் பாதி என் மைனியோட நகை! அதை அவரிடம் சொல்லவா முடியும்?

செய்கிற வேலையையும் பார்க்கணும். கண்காட்சியில் தரையில் உட்கார்ந்து பாய் பின்னிக் காட்டும் பத்தமடைச் சகோதரிகளுக்கு வழுக்குகிற சேலை சரிப்படாது. அப்பளம் போடும் இடத்திலோ உணவுப் பாதுகாப்பு விதிகளே இருக்கு: தலைமுடியை மூடணும்; வளையல், மோதிரம், கடிகாரம் கூடாது. அங்கே எவ்வளவு நல்ல சேலை கட்டியிருந்தாலும் தலையில் தொப்பி இல்லையென்றால் தப்புத்தான்.

சேலை வாங்கியே ஆகணும் என்கிறவங்க வீரவநல்லூருக்குப் போங்க. அங்கே கைத்தறியில் நெய்யும் செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கு. கண்காட்சிக்கு அதைக் கட்டிக்கிட்டுப் போனால் "இது எந்த ஊர்ச் சேலை?" என்று கேட்பாங்க. பேச்சு அங்கேயே ஆரம்பிச்சிரும். ஆனால் கடன் வாங்கி எடுக்காதீங்க. பெட்டியில் இருக்கிறதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, முந்தானைக்கு ஒரு பின் குத்தினால் போதும். பின் முக்கியம். மாதிரிப் பொட்டலத்தை எடுத்து நீட்டும்போது ஒரு கை முந்தானையையே பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி விலை பேசுவது? பஸ்ஸில் ராத்திரிப் பயணம் என்றால் சேலையை மடித்துப் பையில் வைத்து, போய் இறங்கியதும் மாற்றிக்கொள்ளுங்க.

அந்த அப்பளக் குழுவில் இரண்டு பேர் கடைசியில் கோயம்புத்தூர் போனாங்க. ஒருத்தர் நீலத்தில் பருத்திச் சேலை, இன்னொருத்தர் மகளோட சுடிதார். அங்கே யாரும் உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலையாம். உளுந்து எங்கே வாங்குறீங்க, எத்தனை நாள் கெடாம இருக்கும், தயாரித்த தேதி ஏன் பொட்டலத்தில் அழிஞ்சிருக்கு என்றுதான் கேட்டிருக்காங்க. கடைசிக் கேள்விக்கு இவங்ககிட்ட பதில் இல்ல. மாதிரிக்கு 20 கிலோ கேட்டிருக்காங்க, பெரிய ஆர்டர் இன்னும் வரல. இப்போ தேதி அச்சடிக்க நல்ல மை தேடிக்கிட்டு இருக்காங்க. உங்களில் யாருக்காவது கடை தெரிந்தால் கூட்டம் முடிந்ததும் அவங்ககிட்ட சொல்லுங்க.

அடுத்த சந்திப்புக்குப் போக மூன்று குழுக்களின் பெயர் வேணும். இன்னைக்கே கொடுக்கலாம். பின் இல்லாதவங்க என்கிட்ட கேளுங்க, ஒரு அட்டை வாங்கி வைத்திருக்கேன்.