வெள்ளைத் திட்டு சொன்ன பெயர்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



திருவாமாத்தூர் பம்பை ஆற்றங்கரையில் கொக்கும் நாரையும் பார்த்து வளர்ந்தவன் நான். கடற்காகம் பார்க்கணும்னா மரக்காணம்தான். 2021-ல் பறவைகள் சரணாலயமான கழுவேலியும் அங்கேதான். பல வருஷம் குளிர்காலத்தில் எடுத்த படங்களுக்கெல்லாம் ‘கருந்தலைக் கடற்காகம்’ என்றே எழுதி வைத்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் ஒரு படத்தைப் பெரிதாக்கினால், கறுத்த இறக்கை நுனிக்குள்ளே வெள்ளைத் திட்டு! அது பழுப்புத்தலைக் கடற்காகம்.

லடாக், திபெத் ஏரிகளில் கோடையில் முட்டையிடும்போதுதான் அதற்குப் பழுப்புத் தலை. நம்ம பக்கம் வரும்போது தலை வெளுத்து, காதருகே கரும்பொட்டு மட்டும் நிற்கும். கருந்தலைக்கும் அதே பொட்டுதானய்யா! வளர்ந்த பறவை என்றால் கண்ணைப் பாருங்கள். பழுப்புத்தலைக்கு வெளிறிய கண், மற்றதற்குக் கறுத்த கண். இளம் பறவையில் இதுவும் ஏமாற்றும். கண் கறுப்பு, வெள்ளைத் திட்டும் இராது. ஆனால் பழுப்புத்தலைக் குஞ்சுக்கு இறக்கை நுனி அகலமாய்க் கறுத்திருக்கும். கருந்தலைக்கு முன்விளிம்பில் வெள்ளைப் பட்டை நீளும்.

ஆகவே உட்கார்ந்த பறவையை எடுத்தது போதாது, இறக்கை விரித்த படம் ஒன்று வேணும். காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் எதிரே, பறவை வெறும் நிழல். மாலையில் போங்கள். பின்னால் தண்ணீர் கருத்திருந்தால் கேமராவில் வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். இல்லையென்றால் இறகெல்லாம் சுண்ணாம்பு.

அன்று என்னிடம் பாடம் கேட்ட பிள்ளைகள் யாராவது இம்மண்டபத்தில் இருந்தால், அந்தப் பெயரைத் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.